தொண்டை வலித்தால் சிறுநீர் ஏன் சிவக்கிறது?

காய்ச்சல், தொண்டை வலி. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறான், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கிறான். மறுநாள் காலை கழிவறைக்குப் போனவன் திகைத்து நிற்கிறான். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டு மூன்று நாளில் தொண்டையும் சரியாகிறது, சிறுநீரும் தெளிந்துவிடுகிறது. "சூடு பிடிச்சிருக்கும், இளநீர் குடி" என்கிறார்கள் வீட்டில். குடிக்கிறான். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் தொண்டை வலி, மறுபடியும் வரக்காப்பி.

சிறுநீரக மருத்துவரிடம் இதைச் சொன்னால், கதை பாதியில் இருக்கும்போதே "தொண்டை வலி வந்து எத்தனை நாள் கழித்து?" என்று கேட்பார். அந்த நாள் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்கி, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, ஒரு குழந்தைக்கு முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, நிறமும் மாறினால் அது வேறு நோய். கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, உடல் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அது கிருமியின் துணுக்குகளோடு சேர வேண்டும், சேர்ந்தது சிறுநீரகத்தில் படிய வேண்டும். அதற்குத்தான் அந்த ஒன்றிரண்டு வாரம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒருமுறை வந்து ஆறிவிடும். நம் பையனுக்கோ தொண்டை வலித்த மறுநாளே நிறம் மாறிவிட்டது. புதிதாக எதையும் தயாரிக்க அவகாசமே இல்லை. அப்படியென்றால் சரக்கு முன்கூட்டியே தயாராக இருந்திருக்க வேண்டும். தொண்டை அழற்சி செய்ததெல்லாம் கிடங்கின் கதவைத் திறந்துவிட்டதுதான்.

இந்த நோய்க்கு ஐஜிஏ நெஃப்ரோபதி என்று பெயர். 1968இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ழான் பெர்ஜே என்ற நோய்க்கூறு வல்லுநரும் அவருடன் பணியாற்றிய நிக்கோல் எங்லேயும் இதை முதலில் விவரித்தார்கள். அதனால் பெர்ஜே நோய் என்றும் சொல்வதுண்டு. அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகளின் சிறுநீரகத் துணுக்கைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு லேசான அழற்சி என்பதற்கு மேல் ஒன்றும் புலப்படவில்லை. இவர்கள் ஒளிரும் சாயம் பூசிய ஆன்டிபாடிகளைத் துணுக்கின் மேல் விட்டுப் பார்த்தார்கள். இருட்டுப் பின்னணியில், மரக்கிளை விரிந்த மாதிரி பச்சையாக ஒளிர்ந்தது ஐஜிஏ என்ற ஒரு வகை ஆன்டிபாடி. ஒளிர்ந்த அந்த இடம் சிறுநீரக வடிகட்டியின் நடுத்தண்டு. ஐஜிஏ அங்கே குவிந்து கிடக்க வேண்டிய பொருளே கிடையாது.

அரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். சிறுநீரக வடிகட்டிகளை நேரடியாகத் தாக்கும் நோய்களில் உலக அளவில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆண்டுக்கு லட்சம் பெரியவர்களில் குறைந்தது 2.5 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. கண்டறிய பயாப்சி, அதாவது சிறுநீரகத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது, தேவை என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருக்கும். பெரும்பாலும் இருபது, முப்பது வயதில் தலைகாட்டுகிறது. பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை இல்லாமல் போய்விடும். ஆனால் 20 ஆண்டுகளில் 20 முதல் 40 விழுக்காட்டினர் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகிறார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பது வயதில் வந்தவருக்கு ஐம்பதில் டயாலிசிஸ் என்றால் அது சின்ன விஷயமில்லை.

சரி, தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் நடுவில் குழாய் ஒன்றும் இல்லை. இரத்தம் ஒன்றுதான் பாலம்.

தொண்டையிலிருந்து தொடங்குவோம். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து "ஆ" சொன்னால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. பல வீடுகளில் அதைத்தான் டான்சில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் இரு பக்கமும், வளைவுக்குள் ஒதுங்கி, பாதாம் பருப்பு மாதிரி புடைத்திருக்கும் சதைதான் டான்சில். உண்மையில் அது ஒரு வளையத்தின் பகுதி. மூக்குக்குப் பின்னால், நாக்கின் வேர்ப்பகுதியில் என்று தொண்டை வாசலைச் சுற்றிலும் இதே வகைத் திசு இருக்கிறது. ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டயர் 19ஆம் நூற்றாண்டில் அந்த வளையத்தை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. பத்திலிருந்து முப்பது வரை குழிகள் உள்ளே ஆழமாகக் கிளைத்துப் போகும். சிலர் இருமும்போது வெள்ளையாக, நாற்றமெடுக்கும் சின்ன உருண்டை வெளியே வருமே, டான்சில் கல் என்பார்கள், அது இந்தக் குழிகளில் தங்கிய உணவுத் துகளும் பாக்டீரியாவும் இறந்த செல்களும் இறுகியதுதான். ஒரு டான்சிலின் குழிச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 300 சதுர சென்டிமீட்டர் வரும். ஏ4 தாளில் ஏறக்குறைய பாதி. பாதாம் அளவுச் சதைக்குள் அவ்வளவு பரப்பு.

இந்த வடிவம் வேண்டுமென்றே அமைந்தது போல இருக்கும். உடலின் மற்ற இடங்களில் தோலும் சவ்வும் கிருமி உள்ளே வராமல் தடுக்கின்றன. டான்சில் குழியின் சுவரோ ஓட்டை விழுந்த கித்தான் மாதிரி. சவ்வுச் செல்களுக்கு நடுவே நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கிருமியின் துணுக்குகளை உள்ளே இழுத்துத் தருவதற்கென்றே தனிச் செல்களும் உண்டு. நாம் விழுங்குவது, மூச்சில் இழுப்பது எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுத்து, "இது யார், இவனுக்கு எதிராக என்ன தயாரிக்கலாம்" என்று பார்க்கும் இடம் அது. சுவருக்கு அடியிலேயே பி செல்களின் பயிற்சிக் கூடங்கள். கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபாடியைச் செய்யத் தெரிந்த பி செல்கள் அங்கே பெருகுகின்றன, மற்றவை மடிகின்றன. தேறியவை ஆன்டிபாடி கொட்டும் பிளாஸ்மா செல்களாக மாறி, சில அங்கேயே தங்கும், சில இரத்தம் வழியாக எலும்பு மஜ்ஜை வரை போய்க் குடியேறும். பின்னால் இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடிகளில் ஐந்து வகை. அதில் ஐஜிஏ என்பது ஈரமான வாசல்களின் காவலாளி. எச்சில், கண்ணீர், தாய்ப்பால், குடலின் உட்சுவர் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. உடல் நாள்தோறும் தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் அளவில் அதிகம் இதுதான். மற்ற வகைகளையெல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. அடிதடியில் இறங்காமல் கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொண்டு வெளியே தள்ளிவிடுவது இதன் குணம்.

இதில் ஐஜிஏ-1 என்றொரு துணைவகை இருக்கிறது. நம் கதையின் வில்லன் அவன்தான், அல்லது வில்லனாக்கப்பட்டவன். ஆன்டிபாடியின் உருவத்தை உண்டிவில்லின் கவட்டையாக நினைத்துக்கொள்ளலாம்: இரண்டு கை, ஒரு பிடி. கையும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு கீல். ஐஜிஏ-1இல் இந்தக் கீல் நீளமானது. தொலைவில் இருக்கும் இரண்டு இலக்குகளைக் கை விரித்துப் பிடிக்க அந்த நீளம் உதவும். ஆனால் நீண்ட கீல் வெட்டுப்படவும் எளிது. சில பாக்டீரியாக்கள் இந்த இடத்தைக் கத்தரிப்பதற்கென்றே ஒரு நொதியைச் சுரக்கின்றன! கீலின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. புரதத்தோடு ஒட்டும் முதல் சர்க்கரையின் பெயர் கொஞ்சம் நீளம், என்-அசெட்டைல் காலக்டோசமைன். அதன் மேல் காலக்டோஸ் ஒன்று, பேனாவுக்கு மூடி போட்ட மாதிரி உட்காரும்.

ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த மூடி இல்லாத ஐஜிஏ-1 அதிகம் சுற்றுகிறது. காலக்டோஸைக் கோக்கும் நொதி அவர்களுடைய பி செல்களில் சரியாக வேலை செய்வதில்லை. மூடி இல்லாததால் அடிச்சர்க்கரை வெளியே தெரிகிறது. உடலின் எதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்து "இது யாரோ அந்நியன்" என்று முடிவு கட்டி, அதற்கு எதிராக ஐஜிஜி வகை ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. ஆன்டிபாடிக்கே ஆன்டிபாடி. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு ஒரு விளக்கம், சில கிருமிகளின் மேற்பரப்பிலும் இதே சர்க்கரை இருக்கிறது, கிருமிக்காகச் செய்த ஆயுதம் ஆள் மாறிச் சொந்தப் புரதத்தின் மேல் விழுகிறது என்பது.

இவை இரண்டும் சேர்ந்து பெரிய கட்டிகளாகின்றன. பழைய ஐஜிஏவை இரத்தத்திலிருந்து எடுத்துச் சிதைப்பது கல்லீரலின் வேலை. இந்தக் கட்டிகள் அங்கே ஒழுங்காகக் கழிக்கப்படாமல் இரத்தத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன. கடைசியில் மாட்டுவது சிறுநீரகத்தில்.

ஏன் அங்கே? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. குளோமருலஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் மெல்லிய இரத்தக் குழாய்களால் ஆன நூல்கண்டு. நாளைக்கு 180 லிட்டர் திரவம் இவற்றின் வழியே வடிகிறது. அந்த நூல்கண்டு குலையாமல் நடுவிலிருந்து தாங்கிப் பிடிக்கும் திசு மெசாஞ்சியம். குழாயின் வெளிப்பக்கம் கெட்டியான சல்லடைச் சவ்வு உண்டு. ஆனால் மெசாஞ்சியத்தை நோக்கிய உள்பக்கத்தில் அந்தச் சவ்வு கிடையாது, துளைகள் நிறைந்த ஒற்றை அடுக்குச் செல்கள் மட்டுமே. அதனால் இரத்தத்தில் மிதந்து வரும் பெரிய கட்டிகள் அந்தப் பக்கமாகக் கசிந்து உள்ளே போய் அமர்ந்துகொள்கின்றன. 1968இல் பாரிஸில் மரக்கிளை மாதிரி ஒளிர்ந்தது இதுதான்.

அமர்ந்தவை சும்மா இருப்பதில்லை. மெசாஞ்சியச் செல்கள் எரிச்சலடைந்து பெருகுகின்றன, அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதப் பட்டாளம் தூண்டப்பட்டு அக்கம்பக்கத்தையும் சேர்த்துச் சேதப்படுத்துகிறது. குழாய்ச் சுவரில் கீறல் விழ, சிவப்பணுக்கள் அதன் வழியே நசுங்கிப் பிதுங்கி வெளியே வருகின்றன. அந்தச் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைச் சிவப்பணுக்களைக் காண முடியாது. ஒன்றில் கொப்புளம், இன்னொன்றில் மிக்கி மவுஸ் காது மாதிரி இரண்டு புடைப்பு என்று கன்னாபின்னாவென்று இருக்கும். கல்லடைப்பிலோ சிறுநீர்ப்பைப் புண்ணிலோ வரும் இரத்தத்தில் அணுக்கள் இப்படி உருமாறியிருக்காது. ஆய்வகத்தில் இதைப் பார்த்தே "இரத்தம் வடிகட்டியிலிருந்து வருகிறது" என்று சொல்லிவிடலாம். நிறம் சிவப்பாக இல்லாமல் வரக்காப்பியாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: நீண்ட பாதையில், அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் ஊறி வரும்போது ஹீமோகுளோபின் பழுப்பாக மாறிவிடுகிறது.

நிறம் மாறியதைப் பார்த்து மருத்துவரிடம் ஓடுகிறவர் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலி. நிறையப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இரத்தம் கசியும். கூடவே புரதமும் ஒழுகும். சிறுநீரில் நுரை நிற்கும், அவ்வளவுதான் அறிகுறி. புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்பதுதான் பின்னாளில் சிறுநீரகம் எவ்வளவு கெடும் என்பதற்கு நல்ல முன்கணிப்பு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் சிறுநீரகம் இதில் அடி வாங்குகிற பக்கம். இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்த ஐஜிஏ நோயாளிக்கு, நலமுள்ள ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால், அதிலும் ஐஜிஏ படியத் தொடங்குவதுண்டு. 1970களிலேயே பெர்ஜே இதைக் கவனித்துவிட்டார். புதுச் சிறுநீரகம் என்ன பாவம் செய்தது? தப்பு வேறெங்கோ உற்பத்தியாகி வந்து சேர்கிறது.

அந்த வேறெங்கோ எது என்பதில்தான் டான்சில் மீது சந்தேகம் விழுந்தது. முதல் தடயம் சிறுநீரகத்தில் படிந்த ஐஜிஏவிலேயே இருந்தது. இரத்தத்தில் சாதாரணமாகச் சுற்றும் ஐஜிஏ பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக இருக்கும், எலும்பு மஜ்ஜையில் தயாராவது. தொண்டை, குடல் போன்ற ஈரச்சவ்வுகளில் தயாராவதோ இரண்டிரண்டாகக் கோத்திருக்கும். கோக்கும் கொக்கிக்கு ஜே சங்கிலி என்று பெயர். மெசாஞ்சியத்தில் கிடப்பது இந்தக் கோத்த வகை. சரக்கின் மேலேயே ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது, 1983இல் பிரான்ஸின் நான்சி நகரில் செய்த ஒரு எண்ணிக்கை. அறுவை செய்து எடுத்த டான்சில்களில் எந்த ஆன்டிபாடியைச் செய்யும் செல்கள் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தார்கள். சாதாரண டான்சிலில் ஐஜிஜி செய்யும் செல்கள்தான் பெரும்பான்மை. ஐஜிஏ நெஃப்ரோபதி நோயாளிகளின் டான்சிலில் அந்த விகிதம் தலைகீழாக இருந்தது. ஐஜிஏ செல்கள் முந்திக்கொண்டிருந்தன. வெறும் தொண்டைப் புண் அடிக்கடி வருகிறவர்களுக்கு இப்படி ஆவதில்லை.

1994இல் ஜப்பானின் நீகாத்தாவிலிருந்து இன்னொன்று. ஹீமோஃபிலஸ் பாராஇன்ஃபுளுவென்சா என்பது பலருடைய தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியா. அதன் துணுக்குகளை ஐஜிஏ நோயாளிகளின் சிறுநீரகத் துணுக்கிலேயே பார்த்தார்கள். அதற்கு எதிரான ஐஜிஏவும் அவர்கள் இரத்தத்தில் கூடுதலாக இருந்தது. இந்த நோயைக் குறிப்பிட்ட ஒரு கிருமியின் தலையில் கட்டும் முயற்சிகள் அப்புறமும் நடந்தன, எதுவும் முழுசாக நிற்கவில்லை. இப்போது பலரும் ஏற்பது, கிருமி எதுவானாலும் டான்சில் அதற்குக் காட்டும் எதிர்வினைதான் பிசகியிருக்கிறது என்ற பார்வையை. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஒரே தொண்டைச் சளி வீட்டில் நான்கு பேருக்கு வருகிறது, ஒருவருக்கு மட்டும் சிறுநீர் கறுக்கிறது என்றால், கிருமியை மட்டும் விசாரித்துப் பயனில்லை.

அந்தப் பிசகு எப்படி நடக்கிறது என்பதில் டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகக் குழு நிறைய வேலை செய்திருக்கிறது. பி செல்களுக்குள் டிஎல்ஆர்-9 என்றொரு உணர்வி இருக்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏ துணுக்கு அதில் பட்டால் மணி அடித்த மாதிரி செல் விழித்துக்கொள்ளும். இந்த நோயாளிகளின் டான்சிலில் அந்த மணி அளவுக்கு மீறி அடிக்கிறது. அதைத் தொடர்ந்து ஏப்ரல் என்ற புரதம் அதிகமாகச் சுரக்கிறது. மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. பி செல்களை ஐஜிஏ தயாரிக்கச் சொல்வதும், பிளாஸ்மா செல்களைச் சாகவிடாமல் காப்பதும் இந்த ஏப்ரலின் வேலை. மூடி இல்லாத ஐஜிஏ-1இன் உற்பத்தியும் இதனால் கூடுகிறது. டான்சிலில் ஏப்ரல் மிகுந்திருந்த நோயாளிகளுக்கு, டான்சிலை எடுத்ததும் இரத்தத்தில் மூடியில்லாத ஐஜிஏ-1 குறைந்ததையும் அந்தக் குழு காட்டியது.

ஒரு தடங்கல் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட கீல் உள்ள இந்த ஐஜிஏ-1 மனிதருக்கும் மனிதக் குரங்குகளுக்கும் மட்டுமே உரியது. சுண்டெலியின் ஐஜிஏவில் அது இல்லை. எந்த நோயானாலும் எலியில் உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வாளர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மெசாஞ்சியச் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தையே நேராகக் குறிவைக்கும் ஐஜிஏ ஆன்டிபாடிகளை எலியிலும் நோயாளிகளிலும் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் கட்டிகள் தற்செயலாக வடிகட்டியில் மாட்டுகின்றன என்ற கதையில் திருத்தம் தேவைப்படலாம். சர்க்கரை மூடிக் கதையோடு இது எப்படிப் பொருந்தும் என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, டான்சிலை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்ததா? எங்கள் தலைமுறையில் டான்சில் ஆபரேஷன் என்றாலே பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் ஞாபகம்தான் வரும். ஜப்பானில் அது சிறுநீரக சிகிச்சையாகவே ஆகியிருக்கிறது. சென்டாய் நகரின் ஒசாமு ஹொட்டாவும் உடன் பணியாற்றியவர்களும், டான்சிலை நீக்கி, அதோடு அதிக அளவு ஸ்டீராய்டைச் சில நாள்கள் தொடர்ந்து இரத்தக் குழாயில் செலுத்தும் முறையைக் கையாண்டார்கள். 2001இல் 329 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள்: டான்சில் நீக்கியவர்களுக்குச் சிறுநீரில் இரத்தமும் புரதமும் மறையும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஜப்பான் முழுக்க அந்த முறை பரவியது.

ஆனால் அது பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு. யாருக்கு அறுவை செய்வது என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்திருப்பார்கள். நோய் லேசாக இருந்தவர்கள் ஒரு பக்கம் அதிகமாகச் சேர்ந்திருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. 80 பேர். ஸ்டீராய்டு மட்டும் ஒரு குழுவுக்கு, டான்சில் நீக்கமும் ஸ்டீராய்டும் மற்றதற்கு. ஓராண்டு முடிவில் டான்சில் நீக்கிய குழுவில் புரத ஒழுக்கு சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நோய் தணிந்தவர்களின் விகிதத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஓராண்டில் இருபது வருட நோயைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட முடியும்? 2019இல் 1,065 ஜப்பானிய நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. டான்சில் நீக்கியவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாகும் அபாயம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஆனால் இதுவும் சீட்டுக் குலுக்கியது இல்லை.

ஐரோப்பாவில் டான்சில் நீக்கியவர்களிடம் இப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. அதனால் உலகச் சிறுநீரக நெறிமுறைகள் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கின்றன: ஜப்பானியர்களுக்கு டான்சில் நீக்கத்தைப் பரிசீலிக்கலாம், வெள்ளையர்களுக்கு இந்த நோய்க்கான சிகிச்சையாக அதைச் செய்ய வேண்டாம். ஒரே நோய், ஒரே சதை, ஊருக்கு ஒரு தீர்ப்பு.

இதற்கு மரபணு ஒரு காரணமாக இருக்கலாம். இந்த நோய்க்கான மரபணு அபாயம் ஆப்பிரிக்காவில் குறைவு, அங்கிருந்து விலக விலகக் கூடி, கிழக்காசியாவில் உச்சம் தொடுகிறது. இன்னொரு காரணத்தை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறேன். ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீரைச் சின்னக் குப்பியில் அடைத்துப் புத்தகப் பையோடு எடுத்துப் போகிறார்கள். அலுவலகங்களிலும் இந்தச் சோதனை உண்டு. ஆகவே அங்கே நோய் முளையிலேயே பிடிபடுகிறது. வடிகட்டிகள் தழும்பாகிப் போன பிறகு தொண்டையில் என்ன செய்தாலும் தழும்பு மாறாது. மேலும், டான்சிலில் பயிற்சி பெற்ற செல்கள் எலும்பு மஜ்ஜைக்குக் குடிபோகும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? நோய் முற்றுகிற நேரத்தில் அவை அங்கே தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் முன்னாள் மாணவர்கள் மறைந்துவிடுவார்களா என்ன?

நம் பக்கத்தில் நிலைமை எதிர்த்திசையில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறை 2015 முதல் சுமார் 200 ஐஜிஏ நோயாளிகளைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்து வருகிறது. தெற்காசியர்களைப் பற்றி இப்படி முன்னோக்கித் தொடர்ந்த ஆய்வுகள் மிகக் குறைவு. பயாப்சி செய்யும்போதே பலருக்குச் சிறுநீரகத் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. இரத்த அழுத்தம் பார்க்கப் போய், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறியிருப்பது தெரிந்து, அங்கிருந்து பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்கப்படுகிற நோயாகவே இது இங்கே பலருக்கும் இருக்கிறது. தொண்டை வலியும் கறுத்த சிறுநீருமாக வந்த அந்தப் பழைய நாள்களை அப்போதுதான் ஞாபகப்படுத்திச் சொல்வார்கள்.

டான்சில் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் டான்சில் போன்ற நிணநீர்த் திட்டுகள் இருக்கின்றன, அங்கேயும் ஐஜிஏ செல்கள் தயாராகின்றன. வாய் வழியே விழுங்கி, சரியாக அந்த இடத்தில் போய்க் கரையும்படி செய்த புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு 2021 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புரத ஒழுக்கு குறைந்ததும் உண்மை. சிறுநீரகத்துக்கு மருந்தைக் குடலில் போய்க் கரைப்பது முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும்.

அடுத்த கட்டம் இன்னும் நேரடியானது. தொண்டையோ குடலோ மஜ்ஜையோ, எங்கே இருந்தாலும் அந்தச் செல்களுக்குத் தீனி ஏப்ரல்தானே, அதையே பிடித்துக் கட்டிவிட்டால்? சிபெப்ரென்லிமாப் என்ற ஊசி மருந்து அதைத்தான் செய்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. ஒன்பது மாதத்தில், பொய்மருந்து பெற்றவர்களோடு ஒப்பிடும்போது புரத ஒழுக்கு ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2025 இறுதியில் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. பல ஆண்டுகளில் சிறுநீரகம் காப்பாற்றப்படுகிறதா என்பது தொடர்ந்து பார்த்துத்தான் தெரியும். விலையைப் பற்றி இப்போதைக்குப் பேசாமல் இருப்பது நல்லது. இரத்த அழுத்தத்தையும் உப்பையும் கட்டுக்குள் வைப்பது, புரத ஒழுக்கைக் குறைக்கும் பழைய, மலிவான மாத்திரைகள், இவைதான் இன்றைக்கும் பெரும்பாலோருக்கு அடிப்படை வைத்தியம்.

ஊற்றையே அடைத்தால் ஏற்கெனவே சிறுநீரகத்தில் படிந்துவிட்டது என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஜப்பானில் ஒருமுறை, தானமாக வந்த 510 சிறுநீரகங்களைப் பொருத்தும் நேரத்தில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் நோயில்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள். அதில் 82இல் ஐஜிஏ படிந்திருந்தது. ஆறு பேரில் ஒருவர்! அவர்கள் ஐஜிஏவைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலே நடமாடியிருக்கிறார்கள். ஆக, படிவது ஒன்று, படிந்ததால் எரிச்சல் கிளம்புவது வேறொன்று.

1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு மருத்துவக் குறிப்பு இதே போன்ற தற்செயலைப் பற்றியது. ஐஜிஏ படிந்திருந்த ஒரு கொடையாளியின் சிறுநீரகங்கள், அந்த நோய் இல்லாத வேறு ஆள்களுக்குப் பொருத்தப்பட்டன. அந்த உடல்களின் தொண்டையும் குடலும் மஜ்ஜையும் மூடியில்லாத சரக்கை அனுப்பவில்லை. சில காலம் கழித்து மறுபடி துணுக்கு எடுத்து, சாயம் விட்டு, இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். பச்சை ஒளிர்வு இல்லை. வருவது நின்றதும் வடிகட்டி தன்னைத் தானே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தது.